பொலித்தீன் கழற்றாத வீட்டுக்கு ஒரு கேமிங் கொம்பியூட்டர்

போன சனிக்கிழமை இரவு என் மனைவி பதினொரு மரங்களை வெட்டிச் சாய்த்தார்.

வன அதிகாரிகளுக்கு யாரும் தொலைபேசி எடுக்க வேண்டாம். மரங்கள் நின்றது ஒரு கேமுக்குள். வெட்டியவர் சாம்பல்தீவில் கணிதம் படிப்பிக்கும் ரெஜினா டீச்சர். ஐம்பதைத் தாண்டியவர், முழங்காலில் நோ உள்ளவர். இதற்கு முன் கொம்பியூட்டரில் அவர் செய்த பெரிய சாகசம், தவணைப் பரீட்சைக்கு வினாத்தாள் அடித்ததுதான். ஆனால் கோடரியைத் தூக்கிய விதத்தில் தயக்கம் கொஞ்சமும் இல்லை. பக்கத்துக் கதிரையில் இருந்து பார்த்த எனக்குத்தான்... சரி, அதை விடுவோம்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு என்னைத் தெரியும். குடை முழுக்கக் காய்ந்த பிறகுதான் மடிப்பேன். ஸ்குரூக்களை அளவு பார்த்து வேறு வேறு போத்தல்களில் போட்டு வைப்பேன். இப்படிப்பட்டவன் வீட்டுக்குள் கேமிங் கொம்பியூட்டர் எப்படி வந்தது?

துண்டிக்க மறந்த ஒரு போன் கோலால் வந்தது.

எங்கள் ஒரே மகன் நிரோ கனடாவில் படிக்கிறான். ஞாயிறு காலைப் பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் அவனுக்குக் கோல் எடுப்போம். உரையாடல் இப்படிப் போகும்:

"சாப்பிட்டியா தம்பி?"

"ஓம் அம்மா."

"குளிரோ?"

"ஓம் அம்மா."

"படிப்பு எப்பிடிப் போகுது?"

"பரவாயில்லை அம்மா. சரி, வைக்கட்டே?"

இதை ஒருமுறை பதிவு செய்து வாரா வாரம் போட்டுக் கேட்டிருந்தாலும் வித்தியாசம் தெரிந்திருக்காது. பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிய வீடுகளில் பாதிக்கு மேல் இதே உரையாடல்தான் நடக்கிறது என்று நினைக்கிறேன். இல்லையா?

ஒரு ஞாயிறு, அவன் விடைபெற்ற பிறகு கோலைத் துண்டிக்க மறந்துவிட்டான். நாங்களும் கவனிக்கவில்லை. போன் சாப்பாட்டு மேசையில் கிடந்தது. சற்று நேரத்தில் அதற்குள்ளிருந்து ஒரு கத்தல்.

"டேய்! தீவின்ர அந்தப் பக்கம் போகாதடா, காட்டுப்பண்டி நிக்குது! ஓடடா! ஐயோ... போச்சுடா!"

அதற்குப் பிறகு ஒரு சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் சிரிப்பு.

ரெஜினா குசினியிலிருந்து ஈரக் கையோடு வந்து நின்றார். ஒட்டுக்கேட்பது முறையல்லவே என்று கோலை வெட்டக் கை நீட்டினேன். என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இது எங்கட நிரோதானே?"

"ஓம். கூட்டாளிமாரோட கேம் விளையாடுறான் போல."

"எங்களோட கதைக்கேக்க இந்தக் குரல் எங்கயப்பா போகுது?"

நான் கோலை மெதுவாக வெட்டினேன்.

அன்று மத்தியானம் மீனுக்குப் புளி கரைத்துக்கொண்டே சொன்னார்: "அவனுக்கு ஏதோ ஒண்டு இருக்கப்பா. 'பரவாயில்லை' எண்டு சொல்ல முந்தி ஒரு மூச்சு விடுறான். விளங்காமல் 'விளங்கீற்று டீச்சர்' எண்டு சொல்லுற பிள்ளையள் விடுற மூச்சு அது. எனக்குத் தெரியாதே?"

அடுத்த ஞாயிறு, "சாப்பிட்டியா"வுக்குப் பதிலாக அவர் கேட்ட கேள்வியில் மகன் மட்டுமல்ல, நானும் திடுக்கிட்டேன்.

"தம்பி, நீ விளையாடுற அந்தத் தீவுக்கு நானும் வரலாமோ?"

"அம்மா... எங்கட வீட்டுக் கொம்பியூட்டருக்கு அந்தக் கேமின்ர பேரை வாசிக்கவே ஏலாது."

"அப்ப எப்பிடிப்பட்டது வேணும்?"

"நல்ல கிராபிக்ஸ் கார்ட் ஒண்டு வேணும். அதுக்கு ஏத்த மாதிரி மற்றச் சாமான். பெரிய வேலை அம்மா. வேண்டாம், விடுங்கோ."

ஒரு கணித ஆசிரியையிடம் சொல்லக்கூடாத சொற்கள் அந்தக் கடைசி இரண்டும்.

தேடிப் படிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. கிராபிக்ஸ் கார்ட் என்றால் என்ன? திரையில் படம் வரைகிற வேலையை மட்டும் தனியாகச் செய்கிற பலகை. அதற்கென்று விசிறிகள், அதற்கென்று நினைவகம், அதற்கென்று தனி வயரில் மின்சாரம். தாய் வீட்டு வளவுக்குள்ளேயே தனிக் குசினி போட்டிருக்கும் மூத்த மகள் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர்கள்தான் குழப்பம். எல்லாம் இலக்கங்கள், பஸ்களுக்குப் போட்டிருப்பது போல. பெரிய இலக்கம் நல்லது என்று நினைத்தால், பழைய பெரிய இலக்கத்தைவிடப் புதிய சின்ன இலக்கம் சில இடங்களில் நல்லதாம். சில இடங்களில் மட்டும்! வீடியோவில் விளக்கம் சொல்கிற பையன்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் வந்து முடிக்கிறார்கள் — "இன்னும் கொஞ்சம் மேலே போனால்..." நானும் போனேன். காலைத் தேநீரோடு ஒரு சாதாரண கார்டில் தொடங்கியவன், பின்னேரத் தேநீருக்கு வரும்போது ரொக்கெட் விடப் போதுமான கார்டில் நின்றேன்.

விலையைச் சொல்லி உங்கள் ஞாயிற்றுக்கிழமையைக் கெடுக்க மாட்டேன்.

கடைசியில் இரண்டு பேரும் ரியாஸின் கடைக்குப் போனோம். ரியாஸ் குறிஞ்சாக்கேணிக்காரர். பஸ் நிலையத்துக்குப் பின்னால் உள்ள குறுக்கு வீதியில் கொம்பியூட்டர் கடை வைத்திருக்கிறார். எங்கள் ஊர் வீதிகளில் மாடுகளைப் போல மான்களும் திரியும்; கடை வாசலில் ஒரு புள்ளிமான் நின்று அட்டைப்பெட்டி ஒன்றை ஆறுதலாக மென்றுகொண்டிருந்தது.

"என்ன பெட்டி தம்பி அது?" என்றேன்.

"மதர்போர்ட் பெட்டி சேர். ஸ்பீக்கர் பெட்டியும் பக்கத்திலதான் கிடக்கு, தொடுதில்ல. நல்ல சாமான்ட பெட்டியத்தான் தின்னும்."

நான் என் முடிவைச் சொன்னேன் — ரொக்கெட் கார்ட். மற்றதெல்லாம் சாதாரணமாகப் போதும். ரியாஸ் என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

"சேர், நாப்பது எச்.பி. எஞ்சின சின்னத் தோணியில பூட்டினா என்ன நடக்கும்?"

"வேகமாப் போகும்."

"எஞ்சின் போகும் சேர். தோணி நிக்கும்."

ரெஜினா என்னைப் பார்க்காமல் சிரித்தார். பார்க்காமல் சிரிப்பது கூடுதலாகச் சுடும்.

ஆக, பொருத்தம்தான் முக்கியம். கார்டுக்கு ஏற்ற புரோசெசர், புரோசெசருக்கு ஏற்ற மதர்போர்ட், எல்லாவற்றுக்கும் ஏற்ற பவர் சப்ளை. "கார்ட்ல மிச்சம் புடிச்சாலும் பவர் சப்ளையில மட்டும் புடிக்காதீங்க. எங்கட கரண்ட் வாற விசயம் தெரியும்தானே சேர்" என்றார். தெரியும். மழைக்காலத்தில் கடல் பக்கம் ஒரு மின்னல் வெட்டினால் எங்கள் வீட்டு விசிறி நின்று யோசிக்கும்.

பொருத்தமான கார்டுகளாக மூன்றைச் சொன்னார். எதை எடுப்பது? நான் இலக்கங்களை ஒப்பிடத் தொடங்கினேன். ரெஜினா குறுக்கிட்டார்.

"தம்பி, இந்தக் கேமில கடல் வருமே?"

"தீவு கேம்தானே டீச்சர். சுத்திவரக் கடல்தான்."

"அப்ப அந்தக் கடலைக் காட்டும்."

முதலாவது கார்டில் கடலைக் காட்டினார். ரெஜினா கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். உட்துறைமுகத்தைப் பார்த்துப் பார்த்தே வளர்ந்த கண்.

"இது கடலில்லை. நீலப் பொலித்தீன் விரிச்ச மாதிரிக் கிடக்கு."

இரண்டாவது கார்ட். அலை வந்தது, கரையில் மோதியது, நுரை திரும்பிப் போகும்போது மணலில் ஈரம் கறுத்து, மெல்ல மெல்ல வெளிறியது. ரெஜினா இன்னொரு அலை வரும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஓம். இது கடல்."

"மூணாவதையும் பாப்பமா? இன்னும் கொஞ்சம் மேல போனா..." என்று தொடங்கினார் ரியாஸ்.

"வேண்டாம் தம்பி. கடலுக்கு மேல என்ன இருக்கு?"

நான் நாள் முழுக்க மண்டையை உடைத்த விடயம் இரண்டு அலையில் முடிந்தது.

கலர் லைட்டில் மட்டும் ஒரு சின்னச் சண்டை. இப்போது வரும் பாகங்கள் எல்லாம் மினுங்குகின்றன — விசிறி மினுங்குகிறது, பெட்டி மினுங்குகிறது, நினைவகக் குச்சி கூட மினுங்குகிறது. "பெருநாள் சோடினை மாதிரி இருக்கு, லைட் இல்லாததைத் தாரும்" என்றார் ரெஜினா. "லைட் இல்லாதது எடுப்பிக்கணும் டீச்சர், ரெண்டு கிழமை ஆகும்" என்றார் ரியாஸ். ரெஜினாவுக்கு இரண்டு கிழமை பொறுக்காது. லைட்டோடு வந்தோம்.

ரியாஸ் தானே பூட்டித் தருவதாகச் சொன்னார், அதுவும் சும்மா. நான் மறுத்துவிட்டேன். ஸ்குரூ முடுக்கும் வேலையை இன்னொருவருக்கு விட்டுக்கொடுக்கும் பழக்கம் எனக்கில்லை. சூட்டைக் கடத்துவதற்குப் பூசுகிற வெப்பப் பசை கொஞ்சம் ஒரு ரியூப்பில் தந்து, "கவனம் சேர்" என்று மட்டும் சொன்னார்.

இனித்தான் எங்கள் வீட்டுப் பழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும்.

எங்கள் வீட்டில் புதுச்சாமானின் பொலித்தீனைக் கழற்றுவதில்லை. உட்துறைமுக வீதியில் குடியிருந்து பாருங்கள், ஏன் என்று தெரியும். உப்புக்காற்று யன்னல் கம்பியைத் தின்னும், கதவுப் பிணைச்சலைத் தின்னும், அலுமாரிப் பூட்டைத் தின்னும். ஆகவே சாப்பாட்டு மேசைக் கதிரைகளுக்கு வாங்கிய நாள் பொலித்தீன். ஃபிரிட்ஜ் கதவில் பொலித்தீன். கார் சீட்டில் பொலித்தீன். ரீவி ரிமோட், பொலித்தீன் பைக்குள் போட்டு இறப்பர் வளையம் மாட்டிய நிலையில். கலியாணம் கட்டிய நாள் முதல் ரெஜினா இதை நக்கலடிக்கிறார். நான் மாறவில்லை. எங்கள் ஃபிரிட்ஜ் இன்னும் புதுசு.

சனிக்கிழமை காலையில் பாகங்களைச் சாப்பாட்டு மேசையில் வரிசையாக அடுக்கினேன். பெட்டியின் கண்ணாடிப் பக்கத்தில் ஒரு பொலித்தீன். விட்டேன். கார்டின் முதுகில் ஒன்று. விட்டேன். புரோசெசரின் சூட்டை இழுத்து வெளியே விடுகிற கூலர் ஒன்று இருக்கிறதல்லவா? அதன் அடி பளபளவென்று செம்பு. அந்தச் செம்புக்கு மேலும் மெல்லியதாக ஒன்று ஒட்டியிருந்தது. பாவிக்க முன் அகற்றவும் என்று ஆங்கிலத்தில் அச்சடித்தும் இருந்தது.

வாசிக்கவில்லை என்று சொன்னால் பொய். வாசித்தேன். அப்படித்தானே கதிரையிலும் அச்சடித்திருந்தது? அச்சடித்தவனுக்கு எங்கள் ஊர்க் காற்றைப் பற்றி என்ன தெரியும்? துறைமுகத்துக்கு முன்னால் இருக்கிற வீட்டில் செம்பைத் திறந்து வைப்பதா! இவ்வளவு மெல்லிசான பொலித்தீனுக்குள்ளால் சூடு போகும், உப்பு போகாது என்று கணக்குப் போட்டேன். அதற்கு மேலேயே பசையைத் தடவி, நாலு ஸ்குரூவையும் மூலைக்கு மூலை மாற்றி மாற்றி, ஒழுங்காக முடுக்கினேன்.

விடயம் தெரிந்த வாசகர்கள் இந்த இடத்தில் தலையில் கை வைத்திருப்பீர்கள். வையுங்கள்.

பின்னேரம் ஆறரைக்கு, கனடாவில் காலை, மகன் தீவில் காத்திருந்தான். ரெஜினா காதுக்கு ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். திரையில் கடற்கரை விரிந்தது. சிவப்புத் தொப்பி போட்ட ஓர் உருவம் கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தது.

"அம்மா! வந்திட்டீங்களே! இஞ்சால திரும்புங்கோ... அது வானம் அம்மா, கீழ பாருங்கோ!"

அந்தக் குரல். துண்டிக்க மறந்த கோலில் கேட்ட அதே குரல். ஸ்பீக்கரிலும் விட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. ரெஜினா என் பக்கம் திரும்பி ஏதோ சொல்ல வாயெடுத்தார். திரை கறுத்தது. கொம்பியூட்டர் செத்தது.

மறுபடி போட்டோம். கடற்கரை, சிவப்புத் தொப்பி, இரண்டு எட்டு. செத்தது. மறுபடி. மறுபடியும் செத்தது. நான் வோல்ற்றேஜைக் குறை சொன்னேன். பிளக்கைக் குறை சொன்னேன். ரியாஸுக்குப் போன் அடித்தால், தோப்பூரில் ஒரு கலியாண வீட்டில் நிற்கிறாராம். பின்னால் கேட்ட சத்தத்தில் நான் சொன்னது எதுவும் அவருக்கு விளங்கவில்லை.

போனில் மகன் வந்தான். "பரவாயில்லை அம்மா. இன்னொரு நாள் பாப்பம்."

பரவாயில்லை. அதற்கு முன் அந்த மூச்சு. ரெஜினா ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார். என்னை ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

என் வாழ்க்கையில் முதல் தடவையாக, வைக்கப்போன கோலை நான் பறித்தேன்.

"வைக்காத தம்பி. எனக்கு இதைத் திருத்தவேணும். நீ பாத்துச் சொல்லு."

வீடியோவைப் போட்டான். அதைத் திறவுங்கோ, இதைக் காட்டுங்கோ என்றான். புரோசெசரின் சூட்டைப் பார்க்கும் இடத்தைக் காட்டித் தந்தான். பார்த்தால், கேத்தலில் தண்ணீர் கொதிக்கும் சூடு.

மகன் முகத்தைப் போனுக்குக் கிட்டக் கொண்டுவந்தான். பிறகு மெதுவாக, நீதிமன்றத்தில் கேட்பது போலக் கேட்டான்.

"அப்பா... கூலருக்கு அடியில ஒரு பொலித்தீன் இருந்திருக்குமே?"

நான் ஸ்குரூப் போத்தலின் மூடியை இறுக்கினேன்.

"அப்பா?"

"உப்புக்காத்து, தம்பி..."

வெடித்தான். சிரிப்பென்றால் அப்படி ஒரு சிரிப்பு. போனின் படம் கூரையைக் காட்டியது, கட்டிலைக் காட்டியது, மறுபடி கூரையைக் காட்டியது. "உப்புக்காத்தாம்... அம்மா, கேட்டீங்களே... உப்புக்காத்தாம்!" இந்தப் பக்கம் ரெஜினாவும் கதிரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கதிரையின் பொலித்தீனும் சேர்ந்து சரசரத்தது.

"அப்பா, அது தொட வேணும். தொட்டாத்தான் சூடு வெளியில போகும்."

கூலரைக் கழற்றினேன். பொலித்தீனை ரெஜினாதான் உரித்தார். கலியாணம் கட்டிய நாள் முதல் காத்திருந்தவர் அல்லவா, அவசரப்படாமல் ஒரு மூலையிலிருந்து மெல்ல உரித்தார். சேர்ஜிக்கல் ஸ்பிரிட் தொட்டுப் பழைய பசையைத் துடைத்து, மிச்சப் பசையைப் பூசி, மறுபடி முடுக்கினேன். இவ்வளவுக்கும் மகன் போனில் இருந்தான். தன் அறைக் கூட்டாளி சோறு கரித்த கதை, பனியில் சறுக்கி விழுந்த கதை, ஊரில் மான் நிற்கிறது என்றால் அங்கே யாருமே நம்பாத கதை... "வைக்கட்டே" என்ற சொல் ஒருதரம்கூட வரவில்லை.

பிறகுதான் அந்த மரவெட்டு. தீவில் ஒரு வீடு கட்டவேண்டுமாம். மகன் கோடரியைப் பிடிக்கக் காட்டிக் கொடுத்தான். ரெஜினா வெட்ட, அவன் கட்டைகளை அடுக்கினான். நாலைந்து மரம் விழுந்திருக்கும்.

"அம்மா..."

"என்ன தம்பி?"

"போன தவணை ஒரு பாடம் பெயில் அம்மா. சொல்லப் பயந்து இருந்தனான்."

கோடரி நின்றது.

"எந்தப் பாடம்?"

"...கணக்குத்தான்."

கணித ஆசிரியையின் மகன். நான் ரெஜினாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கோடரி மறுபடி எழுந்து மரத்தில் இறங்கியது.

"திரும்ப எழுதலாம்தானே?"

"ஓம். அடுத்த தவணை."

"அப்ப எழுது. அந்தக் கட்டையை இஞ்சால இழுத்துப் போடு. எதடா விளங்கேல்ல?"

"நிகழ்தகவு அம்மா. முழுக்க."

அந்தத் தீவில் இருட்டும்வரை நிகழ்தகவுப் பாடம் நடந்தது. காட்டுப்பன்றி எந்தப் பக்கத்தால் வரும் என்பதுதான் உதாரணம். கணக்கின்படி இடப்பக்கத்தால் வரவேண்டிய பன்றி, வலப்பக்கத்தால் வந்து ரெஜினாவை முட்டித் தள்ளியது. "இதைத்தான் நான் சொன்னனான், நிகழ்தகவு எண்டா நிச்சயமில்லை" என்றார் கீழே விழுந்த டீச்சர். மகன் சிரித்த சிரிப்பு குசினிவரை கேட்டிருக்கும்.

முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததை, பக்கத்தில் நின்று ஒரு வேலை செய்துகொண்டு சொல்லிவிடலாம். எங்கள் கடற்கரையில் வலை இழுக்கிறவர்களிடம் கேட்டால் இதைச் சொல்வார்கள். எங்களுக்கு அதற்கு ஒரு கிராபிக்ஸ் கார்ட் தேவைப்பட்டது. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஞாயிறு காலை எழுந்து கதிரைகளின் பொலித்தீனைக் கழற்றினேன். ஃபிரிட்ஜ் கதவையும் உரித்தேன். இத்தனை வருடமாக அது வெள்ளை என்று நினைத்திருந்தேன், இளநீலம். ரெஜினா தேநீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, கதிரையின் துணியை ஒருதரம் தடவிப் பார்த்துவிட்டுப் போனார். கார் சீட்டை மட்டும் விட்டிருக்கிறேன். மகன் வரும்போது தான்தான் உரிப்பேன் என்று சொல்லியிருக்கிறான்.

இன்று மறுபடி சனிக்கிழமை. தீவு வீட்டுக்குக் கூரை போடவேண்டுமாம். "அம்மா, ஆறரைக்குக் கட்டாயம் வாங்கோ" என்று அவனே காலையில் செய்தி போட்டிருக்கிறான். ஆகவே கூரை முடியும்வரை சனிக்கிழமைச் சமையல் என் பொறுப்பு. ரைஸ் குக்கரின் பொலித்தீனைக் கழற்றிவிட்டேன் — அடியையும் திருப்பிப் பார்த்துவிட்டேன்.